பிலிப் டெ லாஸ்லோ

பிலிப் டெ லாஸ்லோ (ஏப்ரல் 30, 1869 – நவம்பர் 22, 1937) அங்கேரியில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறி வாழ்ந்த உருவப்பட ஓவியர் ஆவார். அங்கேரிய வழக்கப்படி குடும்பப் பெயரை முன்வைத்து லாஸ்லோ ஃபுலோப் என்றும் இவர் அழைக்கப்படுகிறார். பேரரசர்கள், அரசிகள், திருத்தந்தை, அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள், பிரபுக்கள், படைத்தலைவர்கள், எழுத்தாளர்கள் எனத் தம் காலத்தின் புகழ்பெற்ற மனிதர்கள் பலரை இவர் தைலவண்ணத்தில் வரைந்துள்ளார். கோட்டோவியங்களையும் சேர்த்து இவருடைய ஆக்கங்கள் ஏறத்தாழ 4,000 ஆகும்.

எளிய தையற்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்த லாஸ்லோ, தம் தூரிகையின் வலிமையால் ஐரோப்பிய அரண்மனைகள் பலவற்றிலும் வரவேற்கப்பட்டார். எனினும் முதல் உலகப் போரின்போது, பிரித்தானியக் குடிமகனாக இருந்த நிலையிலேயே, பகை நாட்டில் இருந்த தம் குடும்பத்தாருக்குக் கடிதம் எழுதியதற்காக 1917 ஆம் ஆண்டு கைது செய்யப்பட்டார். நீதிமன்ற விசாரணை இன்றித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்ட இவர், 1919 ஆம் ஆண்டு குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார். போர்க்காலத்தில் குடியேறியவர்களின் உரிமைகள் எவ்வளவு எளிதில் பறிக்கப்படலாம் என்பதற்கு இவருடைய வாழ்க்கை ஓர் எடுத்துக்காட்டாக உள்ளது.

பிறப்பும் இளமையும்

லாஸ்லோ 1869 ஆம் ஆண்டு ஏப்ரல் 30 ஆம் நாள் அங்கேரியின் தலைநகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அடால்ஃப் லவுப் தையற்காரர்; தாயார் பெயர் யோஹானா. அப்போது புடா, பெஸ்ட் ஆகியவை தனித்தனி நகரங்களாக இருந்தன. அவை 1873 ஆம் ஆண்டிலேயே இணைக்கப்பட்டுப் புடாபெஸ்ட் ஆயின. லாஸ்லோ பிறப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1867 ஆம் ஆண்டில், ஆஸ்திரியாவும் அங்கேரியும் ஒரே அரசரின் கீழ் இரட்டை முடியரசாக அமைந்திருந்தன. அதே ஆண்டில் அங்கேரியில் யூதர்களுக்குச் சட்டப்படி சம உரிமையும் வழங்கப்பட்டது.

இக்காலகட்டத்தில் அங்கேரியில் செருமானியக் குடும்பப் பெயர் கொண்ட பலர் தம் பெயர்களை அங்கேரியப் பெயர்களாக மாற்றிக்கொண்டனர். அவ்வழக்கப்படி லவுப் குடும்பமும் 1891 ஆம் ஆண்டு லாஸ்லோ என்ற பெயரை ஏற்றுக்கொண்டது. பிற்காலத்தில் லாஸ்லோ கிறித்தவ சமயத்தைத் தழுவினார்.

குடும்பத்தின் பொருளாதார நிலை காரணமாகச் சிறு வயதிலேயே இவர் வேலைக்குச் செல்ல வேண்டியிருந்தது. புடாபெஸ்டின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞரான ஸ்ட்ரெலிஸ்கியின் நிலையத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். வண்ண ஒளிப்படம் இல்லாத அக்காலத்தில், அச்சிட்ட படங்களின் குறைகளைத் திருத்துவதும் அவற்றின் மீது கையால் வண்ணம் தீட்டுவதும் ஒளிப்பட நிலையங்களின் வழக்கமான பணிகள் ஆகும். இங்குப் பணிபுரிந்துகொண்டே இவர் ஓவியம் கற்றார். முகம் ஒன்றில் ஒளி விழும் விதத்தையும், படம் எடுத்துக்கொள்ள வருபவரின் விருப்பங்களையும் இளமையிலேயே அருகிருந்து காணும் வாய்ப்பு இவருக்குக் கிடைத்தது.

ஓவியக் கல்வி

லாஸ்லோ புடாபெஸ்டில் இருந்த தேசியக் கலைக் கல்லூரியில் சேர்ந்து பெர்தலான் செக்கெய், கரோய் லோட்ஸ் ஆகியோரிடம் பயின்றார். இவ்விருவரும் அங்கேரியின் வரலாற்று ஓவியங்களுக்கும் சுவரோவியங்களுக்கும் பெயர் பெற்றவர்கள். பின்னர் செருமனியின் மியூனிக் நகரில் உள்ள பவேரிய அரச கலைக்கழகத்திலும், பாரிசு நகரின் ஜூலியன் கலைப்பள்ளியிலும் கல்வியைத் தொடர்ந்தார். பாரிசில் ஜூல் லெஃபேவ்ர், பெஞ்சமின் கான்ஸ்டன்ட் ஆகியோர் இவருடைய ஆசிரியர்களாக இருந்தனர்.

தொடக்கத்தில் அன்றாட வாழ்க்கைக் காட்சிகளையும் இவர் வரைந்தார். மியூனிக்கின் புகழ்பெற்ற மதுக்கூடமான ஹோஃப்பிராய்ஹவுஸில் மக்கள் அமர்ந்திருக்கும் காட்சியை 1892 ஆம் ஆண்டு வரைந்த ஓவியம் இவ்வகையைச் சேர்ந்தது. ஆயினும் மனித முகமே இவருடைய கவனத்தை மிகுதியாக ஈர்த்தது. விரைவில் உருவப்படம் வரைவதையே தம் தொழிலாகக் கொண்டார்.

அரசவைகளின் ஓவியர்

அங்கேரியக் கல்வி அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த எலெக் லிப்பிச் இளம் ஓவியரின் திறமையை அறிந்து அவருக்கு ஆதரவளித்தார். அவருடைய பரிந்துரையின் பேரில் 1894 ஆம் ஆண்டு பல்கேரியாவின் ஆட்சியாளரான இளவரசர் ஃபெர்டினாண்டையும் அவர் மனைவி மரீ லூயிசையும் வரையும் வாய்ப்பு லாஸ்லோவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 25. அரச குடும்பத்தினரை வரைவதற்கு அவர் பெற்ற முதல் வாய்ப்பு இதுவேயாகும்.

அக்கால ஐரோப்பிய அரச குடும்பங்கள் திருமண உறவுகளால் ஒன்றோடொன்று நெருங்கிப் பிணைந்திருந்தன. ஓர் அரண்மனையில் பெற்ற நற்பெயர் மற்றோர் அரண்மனையின் கதவைத் திறந்தது. செருமனியின் தலைமை அமைச்சராக இருந்த இளவரசர் ஹோஹன்லோஹே, ஆஸ்திரியா-அங்கேரியின் பேரரசர் முதலாம் பிரான்ஸ் ஜோசப் ஆகியோரின் உருவப்படங்களை 19 ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் லாஸ்லோ வரைந்து முடித்திருந்தார்.

1900 ஆம் ஆண்டு உரோமை நகரில் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோவை வரைந்தார். திருத்தந்தைக்கு அப்போது 90 வயது நிறைந்திருந்தது. முதுமையால் மெலிந்த உடலையும் அறிவுக்கூர்மை குன்றாத கண்களையும் ஒருங்கே காட்டும் இவ்வோவியம், அவ்வாண்டு பாரிசில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. லாஸ்லோவின் பெயர் அங்கேரிக்கு வெளியே பரவலாக அறியப்பட இவ்வெற்றி பெரிதும் உதவியது.

திருமணம்

மியூனிக்கில் பயின்றபோது, 1892 ஆம் ஆண்டில், லூசி கின்னஸ் என்ற இளம்பெண்ணை லாஸ்லோ சந்தித்தார். லூசி வயலின் இசைப்பதில் தேர்ச்சி பெற்றவர். அயர்லாந்தின் செல்வாக்கு மிக்க கின்னஸ் குடும்பத்தில், வங்கித் தொழில் நடத்திவந்த கிளையைச் சேர்ந்தவர். இருவரும் ஒருவரையொருவர் விரும்பினர். ஆனால் நிலையான வருவாய் இல்லாத அயல்நாட்டு ஓவியர் ஒருவருக்குத் தம் மகளை மணமுடித்துத் தர லூசியின் குடும்பத்தார் உடன்படவில்லை. இதனால் அவர்கள் பல ஆண்டுகள் பிரிந்திருக்க நேர்ந்தது.

லாஸ்லோ புகழ்பெற்ற ஓவியராக உயர்ந்த பின்னரே இத்தடை நீங்கியது. முதற்சந்திப்புக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1900 ஆம் ஆண்டு சூன் மாதம், அயர்லாந்தில் டப்ளின் அருகே அவர்களின் திருமணம் நடைபெற்றது. இவர்களுக்குப் பிறந்த குழந்தைகளுள் ஒரு மகள் குழந்தைப் பருவத்திலேயே இறந்தாள். ஐந்து மகன்கள் வளர்ந்து பெரியவர்களாயினர்.

இங்கிலாந்தில் குடியேற்றம்

திருமணத்திற்குப் பின் புடாபெஸ்டில் வாழ்ந்த இக்குடும்பம் 1903 ஆம் ஆண்டு வியன்னாவுக்கும், 1907 ஆம் ஆண்டு இலண்டனுக்கும் இடம்பெயர்ந்தது. இலண்டன் குடியேற்றம் தொழில் நோக்கில் மிகப் பொருத்தமான நேரத்தில் அமைந்தது. இங்கிலாந்தில் உயர்குடியினரின் முதன்மை ஓவியராக விளங்கிய அமெரிக்கரான ஜான் சிங்கர் சார்ஜன்ட், அதே 1907 ஆம் ஆண்டளவில் உருவப்படங்களுக்கான வேலைகளை ஏற்பதை நிறுத்திக்கொண்டார். அவரிடம் செல்ல எண்ணியிருந்தோர் பலர் லாஸ்லோவை நாடினர்.

லாஸ்லோ குடியேறிய அதே ஆண்டில் அரசர் ஏழாம் எட்வர்டு அவர்முன் அமர்ந்தார். பின்னர் அரசர் அவருக்கு ராயல் விக்டோரியன் விருதை வழங்கிச் சிறப்பித்தார். கிரேக்க இளவரசர் ஆண்ட்ரூவின் மனைவியான இளவரசி ஆலிசின் உருவப்படமும் 1907 ஆம் ஆண்டில் வரையப்பட்டதே. இரண்டாம் எலிசபெத்தின் கணவரான பிலிப் இந்த ஆலிசின் மகன் ஆவார். 1908 ஆம் ஆண்டு லாஸ்லோ அமெரிக்கா சென்று, அப்போது குடியரசுத் தலைவராக இருந்த தியோடோர் ரூசவெல்ட்டை வரைந்தார். செருமானியப் பேரரசர் இரண்டாம் வில்லியமும் போருக்கு முந்தைய ஆண்டுகளில் இவரிடம் படம் வரைந்துகொண்டார்.

எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்டை இவர் 1910 ஆம் ஆண்டு வரைந்தார். அகன்ற விளிம்புடைய தொப்பி அணிந்த இளம்பெண்ணாக அவரைக் காட்டும் இவ்வோவியம் பிற்காலத்தில் கென்ட் மாவட்டத்தில் உள்ள சிசிங்ஹர்ஸ்ட் மாளிகையில் இடம்பெற்றது. இந்தியாவின் வைசிராயாக 1899 முதல் 1905 வரை பதவி வகித்த கர்சன் பிரபுவை 1913 ஆம் ஆண்டு வரைந்தார். அதே ஆண்டில் வரையப்பட்ட பிரெஞ்சுக் கவிஞர் அன்னா டி நோவாயின் உருவப்படம் பாரிசின் ஓர்சே அருங்காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

ஓவியம் வரையும் முறை

லாஸ்லோவின் வெற்றிக்கு அவருடைய விரைவும் ஒரு காரணமாகும். பெரும்பாலான ஓவியர்கள் முதலில் கரிக்கோலால் உருவத்தின் எல்லைக்கோடுகளை வரைந்துகொண்டு, அதன்மீது வண்ணம் தீட்டுவர். லாஸ்லோ இம்முறையைத் தவிர்த்தார். வண்ணம் தோய்த்த தூரிகையைக் கொண்டே கித்தானில் நேரடியாக உருவத்தை அமைத்தார். தொடக்கத்திலிருந்தே கோடு, நிறம், ஒளி, நிழல் ஆகியவை ஒன்றாகவே வளர வேண்டும் என்பது அவருடைய கொள்கை.

கித்தானை முன்னதாகவே அதன் மரச்சட்டத்தில் பொருத்திவிட்டு, அதன் பின்னரே வரையத் தொடங்குவது இவருடைய தனி வழக்கம். ஓவியம் இறுதியில் சட்டத்துக்குள்தான் காணப்படப் போகிறது என்பதால், வரையும்போதும் அச்சட்டத்துக்குள் வைத்தே அதன் அமைப்பை எடைபோட வேண்டும் என்று இவர் கருதினார். கித்தானை அமர்ந்திருப்பவருக்கு அருகிலேயே நிறுத்தி, சற்றுத் தொலைவுக்குப் பின்வாங்கி நின்று இரண்டையும் ஒரே பார்வையில் ஒப்பிட்டு நோக்குவார். பின்னர் முன்சென்று தீட்டுவார். ஓர் அமர்வு முழுவதும் இவ்வாறு முன்னும் பின்னுமாக நடந்தவண்ணம் இருப்பார்.

வரையும்போது அமர்ந்திருப்பவருடன் இடைவிடாது உரையாடுவதும் இவருடைய முறையின் ஒரு பகுதியாகும். நீண்ட நேரம் அசையாமல் இருப்பவரின் முகம் களையிழந்துவிடும். உரையாடலில் ஈடுபட்டிருப்பவரின் முகத்தில் அவருடைய இயல்பு வெளிப்படும். அந்தக் கணத்தைப் பிடிப்பதையே லாஸ்லோ நோக்கமாகக் கொண்டார். தம்முன் அமர்ந்தவர்களிடம் கையொப்பம் பெறுவதற்கென ஏடு ஒன்றையும் வைத்திருந்தார். கலை வரலாற்று ஆய்வாளர்களுக்கு இவ்வேடு பெரிதும் பயன்பட்டுள்ளது.

இவருடைய ஓவிய முறை ஏ. எல். பால்ட்ரி என்பவரால் உரையாடல் வடிவில் பதிவு செய்யப்பட்டு 1934 ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. உருவப்படம் ஒன்று படிப்படியாக வளர்வதைக் காட்டும் ஒளிப்படங்களும் அந்நூலில் இடம்பெற்றன.

பிரபுப் பட்டமும் குடியுரிமையும்

1912 ஆம் ஆண்டு பேரரசர் பிரான்ஸ் ஜோசப், லாஸ்லோவுக்கு அங்கேரியப் பிரபுப் பட்டம் வழங்கினார். அதன்படி லாஸ்லோ டெ லோம்போஸ் என்று பெயர் அமைந்தது. விரைவில் டெ லாஸ்லோ என்ற சுருக்கமான வடிவமே வழக்கில் நிலைத்தது. தையற்காரரின் மகன் என்ற நிலையிலிருந்து பரம்பரைப் பிரபு என்ற நிலைக்கு உயர்ந்தது அவருடைய வாழ்வின் பெருமைக்குரிய நிகழ்வாக இருந்தது. ஆனால் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அப்பட்டத்தை வழங்கிய பேரரசு இங்கிலாந்தின் பகை நாடாயிற்று.

பிரித்தானியா 1914 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 ஆம் நாள் செருமனி மீதும், ஆகஸ்ட் 12 ஆம் நாள் ஆஸ்திரியா-அங்கேரி மீதும் போர் அறிவித்தது. அம்மாத இறுதியில் லாஸ்லோவுக்குப் பிரித்தானியக் குடியுரிமை வழங்கப்பட்டது. முன்னாள் தலைமை அமைச்சர் ஆர்தர் பால்ஃபர் இவருக்காக உறுதியளித்தவர்களுள் ஒருவர். இலண்டனில் ஏழு ஆண்டுகள் வாழ்ந்தவர், அயர்லாந்துப் பெண்ணை மணந்தவர் என்ற நிலையில் இது இயல்பான முடிவாக இருந்தது. எனினும் போர் தொடங்கிய பின்னர் பெற்ற குடியுரிமை என்பதால், அயல்நாட்டவரை ஐயத்துடன் நோக்கியோர் இதனைக் குறை கூறினர்.

போரின் முதல் ஆண்டுகளில் லாஸ்லோவுக்கு வேலை மிகுந்திருந்தது. போர்முனைக்குப் புறப்படவிருந்த இளம் படை அதிகாரிகள் பலரைச் சீருடையில் வரைந்தார். விடுப்பு முடிவதற்குள் படம் நிறைவடைய வேண்டியிருந்ததால், இவற்றுள் பலவற்றை மிகக் குறுகிய நேரத்தில் வரைந்து முடித்தார். அவ்வதிகாரிகளுள் பலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய குடும்பங்களுக்கு இப்படங்களே நினைவுச் சின்னங்களாயின.

கைதும் தடுப்புக்காவலும்

போர் நீடிக்க நீடிக்க இங்கிலாந்தில் அயல்நாட்டில் பிறந்தவர்கள் மீதான வெறுப்பு வளர்ந்தது. அதிலிருந்து அரச குடும்பத்தினரும் தப்ப இயலவில்லை. செருமானிய வம்சாவளியைச் சேர்ந்தவர் என்ற காரணத்தால் கடற்படையின் தலைமைப் பொறுப்பிலிருந்து பாட்டன்பர்க் இளவரசர் லூயி 1914 அக்டோபரில் விலகினார். அவ்வாண்டில்தான் லாஸ்லோ அவரை வரைந்திருந்தார். 1917 சூலையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ் தம் குடும்பத்தின் செருமானியப் பெயரை நீக்கி வின்சர் என்ற பெயரைச் சூட்டிக்கொண்டார். பாட்டன்பர்க் என்ற பெயரும் மவுண்ட்பேட்டன் ஆயிற்று.

லாஸ்லோவின் தாயாரும் உடன்பிறந்தோரும் போர் தொடங்கியபோது அங்கேரியில் இருந்தனர். பகை நாட்டுடன் நேரடி அஞ்சல் தொடர்பு இல்லாததால், நடுநிலை நாடான நெதர்லாந்து வழியாக அவர் தம் குடும்பத்தாருக்குக் கடிதங்களும் பணமும் அனுப்பிவந்தார். சில கடிதங்கள் நெதர்லாந்துத் தூதரகத்தின் அஞ்சற்பை மூலம், பிரித்தானியத் தணிக்கைக்கு உட்படாமல் சென்றன. அவை பிரித்தானிய அதிகாரிகளின் கவனத்துக்கு வந்தன.

1917 ஆம் ஆண்டு சூலை மாதம் மற்றொரு நிகழ்வும் நடைபெற்றது. போர்க்கைதிகள் முகாமிலிருந்து தப்பிய அங்கேரியர் ஒருவர் உதவி கேட்டு லாஸ்லோவின் வீட்டுக்கு வந்தார். லாஸ்லோ அவருக்குச் சிறு தொகை கொடுத்து அனுப்பினார். பின்னர் அவர் வந்து சென்றதைத் தாமே காவல்துறைக்குத் தெரிவித்தார். ஆயினும் அந்தச் சிறு உதவியும் அவர்மீதான ஐயங்களுள் ஒன்றாகச் சேர்ந்தது.

1917 ஆம் ஆண்டு செப்டம்பர் 21 ஆம் நாள் லாஸ்லோ கைது செய்யப்பட்டார். நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14பி என்ற விதி இதற்குப் பயன்படுத்தப்பட்டது. பகை நாட்டில் பிறந்தவர் அல்லது பகை நாட்டுத் தொடர்புடையவர் என்று கருதப்படும் ஒருவரை, அவர் பிரித்தானியக் குடிமகனாகவே இருந்தாலும், குற்றம் சாட்டி நீதிமன்றத்தில் நிறுத்தாமலேயே காவலில் வைக்க உள்துறை அமைச்சருக்கு இவ்விதி அதிகாரம் அளித்தது. ஆகவே தம் தரப்பைத் திறந்த நீதிமன்றத்தில் எடுத்துரைக்கும் வாய்ப்பு அவருக்கு அப்போது கிடைக்கவில்லை.

முதலில் பிரிக்ஸ்டன் சிறையிலும், பின்னர் ஹாலோவேயில் இருந்த தடுப்புக்காவல் முகாமிலும் அவர் வைக்கப்பட்டார். மாளிகைகளில் வரவேற்கப்பட்டுப் பழகிய அவருக்கு இவ்வீழ்ச்சி பேரதிர்ச்சியாக அமைந்தது. கடும் மனச்சோர்வுக்கும் நரம்புத் தளர்ச்சிக்கும் ஆளானார். உடல்நிலையைக் கருதி 1918 ஆம் ஆண்டு இலண்டனின் லாட்புரோக் கார்டன்ஸ் பகுதியில் இருந்த மருத்துவ இல்லம் ஒன்றுக்கு மாற்றப்பட்டார். அங்கும் கண்காணிப்பு நீடித்தது. அவர் வரைந்த படை அதிகாரிகள் இங்கிலாந்துக்காகப் போரிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், லூசி ஐந்து மகன்களையும் கவனித்துக்கொண்டு, கணவரின் பெயரைக் காக்கவும் போராட வேண்டியிருந்தது.

1919 ஆம் ஆண்டு விசாரணை

1918 நவம்பரில் போர் முடிவுற்றது. ஆனால் லாஸ்லோவின் இன்னல் அத்துடன் தீரவில்லை. அயல்நாட்டவர்களுக்கு அளிக்கப்பட்ட குடியுரிமையைத் திரும்பப் பெறும் அதிகாரத்தை விரிவாக்கும் சட்டம் 1918 ஆம் ஆண்டு நிறைவேற்றப்பட்டிருந்தது. அதன்கீழ் லாஸ்லோவின் குடியுரிமையை நீக்க வேண்டுமா என்பதை ஆராய, நீதிபதி சால்ட்டர் தலைமையிலான மூவர் குழு முன்பு 1919 சூன் மாதம் விசாரணை நடைபெற்றது.

இவ்விசாரணையின் முடிவைப் பொறுத்தே அவருடைய எதிர்காலம் இருந்தது. குடியுரிமை பறிக்கப்பட்டால் மனைவி, மக்களுடன் வாழ்ந்த நாட்டைவிட்டு அவர் வெளியேற நேரிடலாம். அவர் பிறந்த பேரரசோ அதற்குள் சிதறிப் போயிருந்தது. பேரரசர் பிரான்ஸ் ஜோசப் 1916 ஆம் ஆண்டு இறந்துவிட்டார். 1918 ஆம் ஆண்டு இறுதியில் ஆஸ்திரியா-அங்கேரி பல நாடுகளாகப் பிரிந்தது. விசாரணை நடந்த 1919 சூன் மாதத்தில் புடாபெஸ்டில் பெலா குன் தலைமையிலான பொதுவுடைமை ஆட்சி நடந்துகொண்டிருந்தது.

கடிதங்களும் பணம் அனுப்பிய முறையும் தப்பிவந்த கைதியைப் பற்றிய நிகழ்வும் விசாரணையில் ஆராயப்பட்டன. விதிகளை மீறிக் கடிதம் அனுப்பியது உண்மையே எனினும், குடும்பத்தார் மீதான அன்பே அதற்குக் காரணம் என்பதும், நாட்டுக்கு எதிரான செயல் எதுவும் நடைபெறவில்லை என்பதும் தெளிவாயின. குழுவினர் மிகக் குறுகிய நேரத்தில் முடிவுக்கு வந்தனர். லாஸ்லோ பற்றுறுதியற்றவர் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று கண்டு, அவருடைய குடியுரிமையை உறுதி செய்தனர். கைதான நாளிலிருந்து இதற்கு ஏறத்தாழ 21 மாதங்கள் சென்றிருந்தன.

போருக்குப் பிந்தைய வாழ்க்கை

விடுதலைக்குப் பின் லாஸ்லோ மீண்டும் ஓவியத்தில் முழுமூச்சாக ஈடுபட்டார். பழைய நண்பர்களும் புதியவர்களும் அவரை நாடி வந்தனர். 1921 ஆம் ஆண்டு இலண்டனின் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில், ஃபிட்ஸ்ஜான்ஸ் அவென்யூவில் இருந்த வீட்டில் குடியேறினார். ஓவியக்கூடத்துடன் கூடிய அவ்வீட்டிலேயே இறுதிவரை வாழ்ந்தார். நகைச்சுவை எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோமை அவர் வரைந்ததும் 1921 ஆம் ஆண்டில்தான். அப்படம் இலண்டன் தேசிய உருவப்படக் காட்சியகத்தின் தொகுப்பில் உள்ளது.

1920களில் அமெரிக்காவுக்குப் பலமுறை சென்றார். தியோடோர் ரூசவெல்ட்டைத் தவிர, வாரன் ஹார்டிங், கால்வின் கூலிஜ், ஹெர்பர்ட் ஹூவர் ஆகிய குடியரசுத் தலைவர்களும் இவரால் வரையப்பட்டனர். 1923 ஆம் ஆண்டு இத்தாலியின் முசோலினியையும், 1927 ஆம் ஆண்டு அங்கேரியின் ஆட்சியாளரான ஹோர்த்தியையும், 1929 ஆம் ஆண்டு எகிப்து மன்னர் ஃபுவாதையும் வரைந்தார். முடியாட்சிகள் பல மறைந்துவிட்ட ஐரோப்பாவில், அவர்முன் அமர்ந்தோரின் வரிசையும் இவ்வாறு மாறியிருந்தது.

பிரித்தானிய அரச குடும்பத்துடனான தொடர்பும் நீடித்தது. யார்க் கோமகளாக இருந்த எலிசபெத்தை 1925 ஆம் ஆண்டு வரைந்தார். இவர் பின்னர் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் அரசியானார். அவருடைய மூத்த மகள் எலிசபெத்தை, ஏழு வயதுச் சிறுமியாக, 1933 ஆம் ஆண்டு வரைந்தார். அச்சிறுமியே 1952 முதல் 2022 வரை ஆட்சி செய்த அரசி இரண்டாம் எலிசபெத் ஆவார். பாட்டன்பர்க் இளவரசர் லூயியின் மகனும், பிற்காலத்தில் இந்தியாவின் கடைசி வைசிராயாகப் பதவி வகித்தவருமான லூயி மவுண்ட்பேட்டனும் இவரிடம் படம் வரைந்துகொண்டவர்களுள் ஒருவர்.

1930 ஆம் ஆண்டு பிரித்தானியக் கலைஞர்களின் அரச சங்கத்துக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியுரிமைக்கே தகுதியற்றவரா என ஆராயப்பட்டவர், பதினொரு ஆண்டுகளில் அந்நாட்டின் கலைஞர் சங்கம் ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். இறக்கும்வரை அப்பதவியில் இருந்தார்.

மறைவு

ஓய்வின்றி உழைத்துவந்த லாஸ்லோ இறுதி ஆண்டுகளில் இதயநோயால் பாதிக்கப்பட்டார். உடல் தளர்ந்த நிலையிலும் வரைவதை நிறுத்தவில்லை. 1937 ஆம் ஆண்டு நவம்பர் 22 ஆம் நாள், தமது 68 ஆம் வயதில், ஹாம்ப்ஸ்டெட் இல்லத்தில் காலமானார். ஓவன் ரட்டர் எழுதிய அவருடைய வாழ்க்கை வரலாறு 1939 ஆம் ஆண்டு வெளிவந்தது.

கலை மதிப்பீடு

லாஸ்லோவின் புகழ் உச்சத்தில் இருந்த காலத்திலேயே ஐரோப்பியக் கலையின் போக்கு மாறத் தொடங்கியிருந்தது. 1910 ஆம் ஆண்டு ரோஜர் ஃபிரை இலண்டனில் நடத்திய கண்காட்சி, செசான், வான் கோ, கோகான் ஆகியோரின் ஓவியங்களைப் பிரித்தானியப் பொதுமக்களுக்கு அறிமுகம் செய்தது. புதிய கலை இயக்கங்களை ஆதரித்தோர், உள்ளதை உள்ளவாறு காட்டும் உருவப்படங்களைப் பழமையானவை எனக் கருதினர். செல்வந்தர்களின் தோற்றத்தை அழகுபடுத்திக் காட்டியவர் என்ற குறைகூறலும் லாஸ்லோ மீது வைக்கப்பட்டது. அவர் இறந்தபின் சில பத்தாண்டுகள் கலை வரலாற்று நூல்களில் அவர் பெயர் அரிதாகவே இடம்பெற்றது.

இக்குறைகூறலில் ஓரளவு உண்மை உண்டு. பணம் கொடுத்து வரையச் சொன்னவர்கள் மனநிறைவு அடைய வேண்டும் என்பது அவருடைய தொழிலின் தேவையாக இருந்தது. ஆயினும் முதியவர்களையும் அறிஞர்களையும் தம் குடும்பத்தாரையும் வரைந்த படங்களிலும், ஓரிரு அமர்வுகளில் தீட்டிய முடிவுறாத படங்களிலும், முகத்தின் வழியாக மனிதரை அறியும் ஆற்றல் வெளிப்படுகிறது. வெலாஸ்கஸ், ஃபிரான்ஸ் ஹால்ஸ், வான் டைக், ரெனால்ட்ஸ் ஆகியோரின் மரபில் வந்தவராக அவர் கருதப்படுகிறார்.

அவருடைய ஓவியங்களுக்கு மற்றொரு வகையிலும் முக்கியத்துவம் உண்டு. 1914 ஆம் ஆண்டுக்கு முந்தைய ஐரோப்பிய ஆளும் வகுப்பினர் தம்மை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்பினர் என்பதற்கு அவை சான்றுகளாக உள்ளன. ஒருவரோடொருவர் உறவினராக இருந்து, பின்னர் ஒருவரையொருவர் எதிர்த்துப் போரிட்ட அரசர்களின் முகங்களை ஒரே ஓவியரின் கை வரைந்துள்ளது என்பது வரலாற்று மாணவர்களுக்கு ஆர்வமூட்டும் செய்தியாகும்.

21 ஆம் நூற்றாண்டில் லாஸ்லோ மீதான ஆர்வம் மீண்டும் வளர்ந்தது. 2004 ஆம் ஆண்டு இலண்டனில் அவருடைய ஓவியங்களின் கண்காட்சி நடைபெற்றது. டஃப் ஹார்ட்-டேவிஸ் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2010 ஆம் ஆண்டு வெளியானது. 2019 ஆம் ஆண்டு புடாபெஸ்டில் உள்ள அங்கேரியத் தேசியக் காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அவருடைய எல்லா ஆக்கங்களையும் ஆராய்ந்து பட்டியலிடும் பணியும் இந்நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்டு, இணையத்தில் படிப்படியாக வெளியிடப்பட்டது.

குறிப்பிடத்தக்க ஓவியங்கள்

- ஹோஃப்பிராய்ஹவுஸ் மதுக்கூடத்தில் (1892)
- திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ (1900)
- அரசர் ஏழாம் எட்வர்டு (1907)
- கிரேக்க இளவரசி ஆலிஸ் (1907)
- தியோடோர் ரூசவெல்ட் (1908)
- வீட்டா சாக்வில்-வெஸ்ட் (1910)
- அன்னா டி நோவாய் (1913)
- கர்சன் பிரபு (1913)
- பாட்டன்பர்க் இளவரசர் லூயி (1914)
- ஜெரோம் கே. ஜெரோம் (1921)
- யார்க் கோமகள் எலிசபெத் (1925)
- இளவரசி எலிசபெத் (1933)